ரோமா குடியிருப்பில் சமூக மையம்: தொடங்குவதும் நடத்துவதும்

கிழக்கு ஸ்லோவாக்கியாவின் பல ஊர்களில், ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களின் குடியிருப்பு, ஊரின் கடைசி வீட்டையும் தாண்டி, ஓர் ஓடைக்கோ வயல்வெளிக்கோ அப்பால் இருக்கிறது. பள்ளி, மருத்துவர், அஞ்சலகம், நகரத்துக்குப் போகும் பேருந்து எல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு சமூக மையத்தைக் கட்டி, பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம், நோயாளிகளுக்கு அங்கேயே சிகிச்சை, இளைஞர்களுக்கு அங்கேயே பயிற்சி என்று ஏற்பாடு செய்துவிட்டால் எல்லோருக்கும் வசதிதான்; அவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் வசதி. ஆகவே மையம் தொடங்குபவர் முதல் நாளிலேயே ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ள வேண்டும். மையத்தின் ஒவ்வொரு பணியும் ஒரு மனிதரைப் பொதுப் பள்ளியின், பொது மருத்துவமனையின், நிலையான வேலை ஒன்றின் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறதா, அல்லது அந்த வாசலுக்குப் போகாமலே காலத்தை ஓட்டப் பழக்குகிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2016இலும் 2021இலும் நடத்திய கணக்கெடுப்புகள் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகின்றன. வீட்டுக்குள் குழாய்நீர் இல்லாமல் வாழும் ரோமாக்களின் பங்கு அந்த ஐந்து ஆண்டுகளில் 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தது. ஆனால் மாணவர்களில் அனைவரும் அல்லது பெரும்பாலோர் ரோமாவாகவே இருக்கும் பள்ளிகளில் படித்த 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளின் பங்கு 44 விழுக்காட்டிலிருந்து 52 ஆக உயர்ந்தது. வசதியும் ஒதுக்கலும் ஒரே காலத்தில் வளர முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இடமும் பேச்சும்

கட்டடம் குடியிருப்பின் நடுவிலா, ஊரின் நடுவிலா என்பது எப்போதும் எழும் கேள்வி. குடியிருப்பின் நடுவில் வைத்தால் கைக்குழந்தையோடு இருக்கும் தாய் வருவாள். ஊர்க்காரர் ஒருவரும் வரமாட்டார். ஊரில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளும் வரக்கூடும், கைக்குழந்தைக்காரி வரமாட்டாள். கூடுமானால் இரண்டுக்கும் இடைப்பட்ட, இரு தரப்பும் கடந்துபோகிற சாலையோரத்தில் இடம் பாருங்கள். அது முடியாதபோது குடியிருப்பருகே வைத்துக்கொண்டு, வேலையின் பாதியை நடந்துபோய்ச் செய்யும் களப்பணியாக வகுப்பதே நல்லது. ஸ்லோவாக்கியாவில் 2008ஆம் ஆண்டின் 448ஆம் எண் சமூக சேவைகள் சட்டம் சமூக மையத்தை ஒரு சமூக சேவையாக ஏற்கிறது; மையத்தை நடத்துபவர் சுயாட்சி மண்டல நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். அச்சட்டம் இனத்தைப் பற்றிப் பேசுவதில்லை, சமூக ஒதுக்கலுக்கு உள்ளாகக்கூடியவர்களைப் பற்றியே பேசுகிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டு, ஊரிலுள்ள ரோமா அல்லாத ஏழைக் குடும்பங்களையும் முதல் மாதத்திலிருந்தே வரவழையுங்கள். ‘எல்லாம் அவர்களுக்கு மட்டும்தான்’ என்று ஊர்க் கூட்டத்தில் எழும் முணுமுணுப்புக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ரோமா மக்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து புறப்பட்டவர்கள். ரோமானி மொழியில் தண்ணீருக்குப் ‘பானி’ என்றும் மூக்குக்கு ‘நாக்’ என்றும் சொல்வதைக் கேட்டால் இந்தி தெரிந்த எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஆனால் இந்த வியப்பை வைத்துக்கொண்டு மையத்தை நடத்த முடியாது. ஹங்கேரியில் வாழும் ரோமாக்களில் பெரும்பாலோருக்கு ஹங்கேரியமே தாய்மொழி. அங்குள்ள பெயாஷ் பிரிவினர் பழைய ருமேனிய வழக்கு ஒன்றைப் பேசுகிறார்கள். தெற்கு ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியம் பேசும் ரோமாக்கள் பலர். வீட்டில் என்ன மொழி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அறிவிப்புப் பலகை எழுதுங்கள். ‘ஜிப்சி’ என்ற சொல்லையும் அதன் உள்ளூர் வடிவங்களையும் தவிருங்கள். சில குடும்பங்கள் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்ளலாம், அது அவர்கள் உரிமை.

குடியிருப்பு என்பது ஒரே உடலும் ஒரே மனமும் கொண்டதல்ல. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது, கந்துவட்டிக்கு விடுபவர் யார், அவரிடம் மாட்டியிருப்பவர் யார் என்பதையெல்லாம் அறியாமல் திறந்த மையம், ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு பெரிய குடும்பத்தின் திண்ணையாகிவிடும். மற்றவர்கள் சண்டை போட மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். எனவே திறப்புக்கு முன் குறைந்தது இரண்டு மாதமாவது, எந்த வாக்குறுதியும் கொடுக்காமல், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

சலவை இயந்திரம் ஓடும் ஒரு மணி நேரம்

முதலில் எதைத் தருவது? பயிற்சி வகுப்பு வேண்டாம். சலவை இயந்திரமும் வெந்நீர்க் குளியலறையும் வையுங்கள். ஸ்லோவாக்கியாவில் பல மையங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. குழாய்நீர் இல்லாத வீட்டில் நான்கு பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைக் குளிர்காலத்தில் துவைத்துக் காயவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் ஏன் திங்கட்கிழமை பள்ளிக்கு வருவதில்லை என்பது விளங்கும். ஒரு சிறு கட்டணம் வாங்குவது நல்லது. இலவசமாகத் தருகிற இடத்தில் வரிசையை நிர்ணயிப்பது உறவுமுறை, கட்டணம் வாங்குகிற இடத்தில் நிர்ணயிப்பது பதிவேடு.

இயந்திரம் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மையத்தின் முக்கால்வாசி வேலை நடக்கிறது. துணியைப் போட்டுவிட்டு உட்காரும் பெண், சற்றுத் தயங்கிய பிறகு, மேலங்கியின் உட்பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஓர் அலுவலக உறையை எடுத்து மேசையில் வைப்பாள். பெரும்பாலும் அது பிரிக்கப்பட்டிருக்காது. பதிவு அஞ்சலைப் பெறாமல் விட்டாலும் குறித்த நாள்களுக்குப் பிறகு அது சேர்ந்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும் என்பதும், அதற்குள் மறுப்புத் தெரிவிக்கும் காலக்கெடு ஓடிவிடும் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த உறையை அவள் எதிரிலேயே பிரித்து, சத்தமாகப் படித்து, தேதியைப் பதிவேட்டில் குறித்து, மூலத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்து, நகலை மட்டும் மையத்தில் வையுங்கள். மூலத்தை வாங்கி வைத்துக்கொள்வது உதவி போலத் தோன்றும். ஆனால் அடுத்த உறை வரும்போது அவள் மையத்தை நம்பியே இருக்க வேண்டியதாகிவிடும்.

பிறப்புச் சான்று, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகிய மூன்றும் இல்லாத குடும்பத்துக்கு வேறெந்தச் சேவையும் ஒட்டாது. மேற்கு பால்கன் நாடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. செர்பியாவில் பிறப்பே பதியப்படாதவர்கள் நீதிமன்றம் வழியாகப் பதிவு பெறும் முறை 2012இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. அங்கே பணியாற்றுபவர்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

யாரை வேலைக்கு எடுப்பது

குறைந்தது ஒருவர் அந்தக் குடியிருப்பிலிருந்தே வர வேண்டும். தொண்டராக வரவழைக்காமல் மாதச் சம்பளத்துக்கு நியமிக்க வேண்டும். இதற்கு நல்ல முன்னோடி ருமேனியா. அங்கே ரோமானி கிரிஸ் என்ற ரோமா அமைப்பு 1990களில் தொடங்கிய நலவாழ்வு இணைப்பாளர் முறையை 2002இல் சுகாதார அமைச்சகம் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. இணைப்பாளர்கள் ரோமா சமூகத்துப் பெண்கள். பல்கேரியாவிலும் அதே காலத்தில் இது தொடங்கியது. ஸ்லோவாக்கியாவில் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள ‘ஸ்ட்ராவே ரெகியோனி’ அமைப்பு, குடியிருப்புகளிலிருந்தே நலவாழ்வு உதவியாளர்களை எடுக்கிறது.

உள்ளூர்ப் பணியாளருக்கு வரும் நெருக்கடியை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அத்தை மகன் கதவைத் தட்டுவான். வந்திருக்கும் குளிர்கால உடைகளில் நல்லதை எடுத்து வைக்கச் சொல்லுவான். ஆகையால் பொருள்கள் வைக்கும் அறையின் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள். இதற்கு அவர்மேல் சந்தேகம் காரணம் இல்லை. ‘சாவி என்னிடம் இல்லை’ என்று உறவினரிடம் சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாமை குறித்து எழுத்தில் உறுதி வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் சமூகப் பணியாளரும் உள்ளூர்ப் பணியாளரும் இணையாகப் போவதே சிறந்தது. ஆனால் அலுவலகத்தில் பேசுபவர் ஒருவர், பை தூக்குபவர் மற்றொருவர் என்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு மையம் யாரை மதிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கல்வி

ஆறு வயதில் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியதை மூன்று வயதில் தொடங்க வேண்டும். ஹங்கேரியின் ‘பிஸ்டோஷ் கெஸ்தெத்’ மழலையர் மையங்களுக்குத் தாயும் குழந்தையும் சேர்ந்தே வருகிறார்கள். ஸ்லோவாக்கியாவின் ஓமாமா திட்டத்தில் குடியிருப்புப் பெண்களே பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போய், சிறு குழந்தைகளோடு விளையாடியும் படம் பார்த்துப் பேசியும் பழக்குகிறார்கள். அடுத்த படி பாலர் பள்ளி. ஹங்கேரியில் 2015 முதல் மூன்று வயதிலும், ஸ்லோவாக்கியாவில் 2021 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலும் பாலர் பள்ளி கட்டாயம். இருந்தும் 2021 கணக்கெடுப்பில் முன்பருவக் கல்விக்குச் சென்ற ரோமாக் குழந்தைகள் 44 விழுக்காடுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2030க்கு வைத்துள்ள இலக்கு 70. மையத்துக்குள்ளேயே ஒரு பாலர் வகுப்பு நடத்திவிடலாம் என்ற ஆசை வரும். இடமே இல்லாத ஊரில் அது தற்காலிகமாகத் தேவைப்படலாம். மற்ற ஊர்களில் மையத்தின் வேலை, பொதுப் பாலர் பள்ளியில் இடம் வாங்கித் தருவதும், தடுப்பூசிப் பதிவையும் காலணியையும் காலைப் பயணத்தையும் சரிசெய்வதும், முதல் இரண்டு வாரம் தாயோடு கூடவே நடப்பதும் ஆகும்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் பள்ளி முன்தேர்வு, அதாவது பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகும் என்று முடிவு செய்யும் சோதனை. செக் குடியரசின் ஒஸ்திராவா நகரில் ரோமாப் பிள்ளைகள், மற்ற பிள்ளைகளைப் போல 27 மடங்கு அதிகமாக, அறிவுத்திறன் குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 18 பேர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பர் 13 அன்று அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் கையெழுத்திட்டுச் சம்மதித்தார்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஸ்லோவாக்கியாவைப் பொறுத்தவரை, ரோமாப் பிள்ளைகளைப் பள்ளிகளில் பிரித்து வைப்பதற்காக ஐரோப்பிய ஆணையம் 2023 ஏப்ரலில் அந்நாட்டை ஒன்றிய நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. இதிலிருந்து மையம் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை எளிது. சிறப்பு வகுப்புக்கான சம்மதப் படிவம் எதிலும் தாய் அன்றே கையெழுத்திடக் கூடாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, அவளுக்குத் தெரிந்த மொழியில் முழுதும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். குழந்தையை எந்த மொழியில் சோதித்தார்கள் என்று கேட்டு, வேற்று மொழியில் நடந்திருந்தால் மறுசோதனை கோர வேண்டும்.

மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஹங்கேரியில் ‘தனோதா’ என்று பெயர். மேசை, விளக்கு, சூடான அறை, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் ஆகியவையே அதன் சாரம். பாடத்திட்டம் பிறகு வந்தால் போதும். ஊர்ப் பிள்ளைகளில் கணக்கில் தடுமாறுகிறவர்களையும் அழைத்து ஒரே மேசையில் அமர்த்துங்கள். பதினைந்து வயதுதான் அடுத்த உடைவு. குடியிருப்பருகே திறக்கப்பட்டிருக்கும் இரண்டாண்டுத் தாழ்நிலைத் தொழிற்படிப்பில் சேர்ந்துவிடுவது எளிது, ஆனால் பெரும்பாலும் அதன் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. விண்ணப்பக் காலத்துக்கு ஓராண்டு முன்பே நகரத்து மேல்நிலைப் பள்ளிக்கு மாணவர்களைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். பேருந்துக் கட்டணம், விடுதி, 2005இல் தொடங்கிய ரோமா கல்வி நிதியம் போன்ற அமைப்புகளின் உதவித்தொகை ஆகியவற்றுக்கான தாள்களை அப்போதே தயார் செய்துவிடுங்கள்.

நலவாழ்வு

மருத்துவமனை என்றதும் சில பெண்கள் முகம் இறுகுவதற்கு வரலாறு உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவிலும் அது பிரிந்த பிறகு இரு நாடுகளிலும் ரோமாப் பெண்கள் பலர் உண்மையான சம்மதமின்றிக் கருத்தடை அறுவைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்த வழக்கொன்றில், அந்தப் பெண்ணிடம் பிரசவ வலியின் நடுவே கையெழுத்து வாங்கப்பட்டிருந்தது. ஸ்லோவாக்கிய அரசு 2021 நவம்பரில் மன்னிப்புக் கோரியது. செக் குடியரசு 2022 முதல் பாதிக்கப்பட்டவருக்கு 3 லட்சம் கொருனா இழப்பீடு வழங்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ‘இவர்கள் மருத்துவரிடம் போகவே மாட்டார்கள்’ என்று சலித்துக்கொள்ளும் பணியாளருக்கு முதல் வாரப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பேறுகாலத்துக்கு முன்பே, எந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கும், எதற்கு மறுப்புச் சொல்லலாம் என்று பெண்களோடு பேச வேண்டும். அதைப் பேச வேண்டியவர் உள்ளூர் இணைப்பாளரே. தடுப்பூசி விஷயத்தில் மிரட்டல் வேலை செய்யாது. 2018இல் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் குடியிருப்புகளில் தட்டம்மை பரவியபோது தெரிந்ததுபோல, நெருக்கமான வீடுகளில் விடுபட்ட ஒரு பிள்ளையே போதும். இணைப்பாளரின் கையில் பிறந்த தேதிவாரியாக ஒரு பட்டியல் இருக்க வேண்டும். ஊசி நாளுக்கு முந்தைய மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அதே வழியில் நடந்து கூட்டிச் செல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பு, நீரிழிவு போன்றவற்றுக்கு மையத்தில் அளவு பார்க்கலாம். மாத்திரை கொடுக்கக் கூடாது. குடும்ப மருத்துவரிடம் பதிவு இல்லாதவருக்குப் பதிவு வாங்கித் தருவதே மையத்தில் மருத்துவர் ஒருவரை வாரம் ஒருநாள் உட்காரவைப்பதைவிட நீடித்த பலன் தரும். பொது மக்களோடு ஒப்பிட, ரோமாப் பெண்களின் ஆயுள் 11 ஆண்டும் ஆண்களின் ஆயுள் 9.1 ஆண்டும் குறைவு என்று 2021 கணக்கெடுப்பு காட்டியது. இந்த இடைவெளியைச் சிறப்பு முகாம்களால் அடைக்க முடியாது. நோய் விவரமும் இன விவரமும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி சிறப்புப் பாதுகாப்புக்குரியவை. பூட்டிய அலமாரியும் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் குறிப்பேடு எழுதத் தொடங்காதீர்கள்.

வேலை

தொழிற்பயிற்சி அறையைத் திறப்பதற்கு முன், வேலை கிடைத்தும் ஏன் சிலர் இரண்டாம் மாதமே நின்றுவிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்லோவாக்கியாவில் பதில் பெரும்பாலும் ஒரே சொல்: ‘எக்செகூசியா’, அதாவது சட்டப்படி நடக்கும் கட்டாயக் கடன் வசூல். பயணச்சீட்டு அபராதமோ மின்கட்டணமோ வட்டியும் செலவும் சேர்ந்து பெருகி, முறையான சம்பளம் வந்த கணமே வசூல் அதிகாரி அதிலிருந்து பிடித்துவிடுவார். மிச்சம் வருவது உதவித்தொகையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்றாகும்போது, கணக்கில் வராத கூலி வேலையே அவருக்கு நியாயமான தேர்வு. அதைச் சோம்பல் என்பவருக்குக் கணக்குத் தெரியாது. 2017 மார்ச்சில் அந்நாட்டுத் தனிநபர் கடன் விடுவிப்பு முறை எளிதாக்கப்பட்டது. சட்ட உதவி மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், தேவைப்படும் 500 யூரோ முன்பணத்தையும் அந்த மையமே கடனாகத் தந்து தவணையில் திரும்பப் பெறும். ஆகவே வேலைத் திட்டத்தின் முதல் பாடம் கடன் பட்டியல் தயாரிப்பது. கந்துவட்டிக் கடன் அந்தப் பட்டியலில் வராது. அதற்குச் சிறுசேமிப்பும், மாத நடுவில் உணவு தீராதபடி செலவைப் பிரித்துக்கொள்ளும் பழக்கமும்தான் மெதுவான மருந்து.

பயிற்சியை முதலாளியிடமிருந்து தொடங்குங்கள். எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை பேர், எந்தச் சான்றிதழோடு வேண்டும் என்று கேட்டறிந்த பிறகே வகுப்பு வைக்க வேண்டும். ஸ்பெயினில் ஃபுண்டாசியோன் செக்ரெதாரியாதோ கிதானோ என்ற ரோமா நல அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் அக்ஸெதேர் திட்டத்தின் வலிமை இதுவே. ஒவ்வொருவருக்கும் தனி வழித்திட்டம், நிறுவனங்களோடு நேரடித் தொடர்பு, வேலையிடத்திலேயே பயிற்சி ஆகியவை அதில் உண்டு. ரோமா அல்லாதவர்களும் சேரலாம். இன்னொரு வழியைக் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ஸ்பிஷ்ஸ்கி ஹர்ஹோவ் கிராமம் காட்டியது. ஊராட்சியே ஒரு நிறுவனம் தொடங்கி, கட்டுமானப் பணிகளில் ரோமாக்களை அமர்த்தியது. சுவர் எழுப்பியபடியே தொழில் கற்றார்கள், ஊராரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். இதற்கு மாறாக, உதவித்தொகைக்காகத் தெருக் கூட்டவைக்கும் பொதுப்பணிகள் பெரும்பாலும் எந்தத் திறனையும் தருவதில்லை. பல பயிற்சிகளில் சேரத் தொடக்கக் கல்வி முடித்த சான்று கேட்பார்கள் என்பதால், பெரியவர்களுக்கான தேர்வு ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

முகவரியைக் கேட்டதும் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று சொல்லும் முதலாளிகளும் இருப்பார்கள். இன அடிப்படையிலான பாகுபாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு இன சமத்துவ நெறியுரை தடைசெய்கிறது. அழைத்த நேரம், பேசியவர், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தால்தான் பிறகு சமத்துவ அமைப்பிடம் முறையிட முடியும்.

பணமும் பதிவேடும்

மையங்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய சமூக நிதியே ஆதாரம். ஒரு நிதிச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சம்பளம் நின்று, கதவு சாத்தப்படுவது அடிக்கடி நடப்பது. மூடிய மையம் மீண்டும் திறக்கும்போது பழைய உறை மேசைக்கு வராது. எனவே ஆறு மாதச் சம்பளத்தை ஊராட்சி நிதியிலிருந்து தருவதாக மேயரிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள்.

நிதி தருபவர்கள் தலை எண்ணிக்கை கேட்பார்கள், கொடுங்கள். உங்களுக்கென்று வேறொரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் வெளியே சென்ற ஒவ்வொரு அலுவலுக்கும் மூன்று குறிகளில் ஒன்று: பணியாளர் பேசினார், பணியாளர் அருகில் நின்றார், அவர்களே தனியாகப் போய் வந்தார்கள். ஓராண்டாக முதல் குறியே விழுந்துகொண்டிருக்கும் பெயர்களை மாதக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். தவறு பெரும்பாலும் குடும்பத்திடம் இருக்காது, வேகமாக முடிக்க விரும்பும் பணியாளரிடம் இருக்கும். மூன்றாம் குறி விழுந்த குடும்பமும் துணி துவைக்க வந்துகொண்டுதான் இருக்கும், வரட்டும். அந்தப் பெண்ணிடம், பக்கத்தில் உறையோடு தயங்கி உட்கார்ந்திருப்பவளோடு கொஞ்சம் பேசச் சொல்லுங்கள்.